சுவரின் தடிமன்: போரோசிலிகேட் குழாயில் கை பழகுவது

கண்ணாடி ஊதும் தொழிலில் ஊதுவது கடைசி வேலை. அதற்கு முன் குழாயைச் சுழற்ற வேண்டும், சூட்டைச் சரியான இடத்தில் சேர்க்க வேண்டும், சுடரிலிருந்து வெளியே எடுத்துச் சற்றுப் பொறுக்க வேண்டும். இந்த மூன்றும் கைவந்துவிட்டால் ஊதுவதற்கு மெல்லிய மூச்சே போதும். இவை கைவராதவரை எப்படி ஊதினாலும் ஒரு பக்கம் மெலிந்து குமிழாகி வெடிக்கும், எதிர்ப்பக்கம் தடித்த கட்டியாக நிற்கும்.

இங்கே சொல்லப்போவது உலையிலிருந்து உருகிய கண்ணாடியை நீண்ட இரும்புக் குழலில் எடுத்து ஊதும், இத்தாலியின் முரானோ பாணி வேலையைப் பற்றி அல்ல. மேசை மேல் பொருத்திய டார்ச்சின் சுடரில், ஆலையிலிருந்து ஆயத்தமாக வரும் குழாய்களை இணைத்து வளைத்து ஆய்வகக் கருவி செய்யும் வேலை. வெற்றிடக் குழாய் வரிசையும், ஒரே ஒரு ஆராய்ச்சிக்கு மட்டும் தேவைப்படும் விசித்திர வடிவக் குடுவையும் இன்றும் கையால்தான் உருவாகின்றன. பெரிய ஆராய்ச்சி நிறுவனங்களில் இதற்கென்று தனிப்பிரிவு இருக்கும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் உண்டு. 1897-இல் கேம்பிரிட்ஜில் ஜே.ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறியப் பயன்படுத்திய கதிர்க்குழாய்களை ஊதியவர் அவருடைய உதவியாளர் எபினேசர் எவரெட். கேதோடு கதிர்களை, அதாவது அந்தக் குழாயின் எதிர்மின் முனையிலிருந்து பாயும் கதிர்களை, மின்புலம் வளைக்கிறதா என்று அதற்கு முன்பே ஜெர்மன் இயற்பியலாளர் ஹெர்ட்ஸ் சோதித்துப் பார்த்து, வளையவில்லை என்ற முடிவுக்கு வந்திருந்தார். அவருடைய குழாய்க்குள் வாயு மிச்சமிருந்ததுதான் காரணம். தாம்சனின் குழாயில் வெற்றிடம் மேம்பட்டிருந்தது, கதிர் வளைந்தது. காற்றுப் புகாத இணைப்பு என்பது அழகுக்காகச் செய்வதல்ல, சோதனையின் முடிவையே அது மாற்றிவிடும்.

முதலில் கண்ணாடியை அறிய வேண்டும். பழகுவதற்கு போரோசிலிகேட் 3.3 வகைக் குழாயே ஏற்றது; போரான் சேர்ந்த, வெப்பம் தாங்கும் ஆய்வகக் கண்ணாடி இது. ஒரு மீட்டர் போரோசிலிகேட் குழாய் 100 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.33 மி.மீ. நீளும். சாதாரண சோடா சுண்ணாம்புக் கண்ணாடி அதே சூட்டில் 0.9 மி.மீ. நீளும். சூடேறும்போது நீள்வதும் ஆறும்போது சுருங்குவதும் குறைவாக இருப்பதால்தான் போரோசிலிகேட் சுடருக்குள் போய் வந்தாலும் உடையாமல் தாங்குகிறது. அதற்கு ஈடாக அதிகச் சூடு கேட்கும். சுமார் 820 டிகிரியில்தான் தன் எடைக்கே தொய்யத் தொடங்கும். தாராளமாக வேலை செய்ய 1,250 டிகிரி வேண்டும். கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் புன்சன் விளக்கில் குழாய் வளைத்தவர்கள் வளைத்தது சோடா கண்ணாடி. அந்த விளக்கு போரோசிலிகேட்டுக்குப் போதாது. ஆக்சிஜன் கலந்த சுடர் தேவை.

இரண்டு வகையும் ஒரே அலமாரியில் கலந்து கிடப்பது பழைய ஆய்வகங்களில் சகஜம். இரண்டையும் இணைத்தால் சுடரில் அழகாகச் சேரும், ஆறும்போது பிளக்கும். சந்தேகம் வந்தால் சோதித்துவிடலாம்: தெரிந்த போரோசிலிகேட் துண்டு ஒன்றையும் சந்தேகமான துண்டையும் பக்கவாட்டில் ஒட்டி உருக்கி, வெளியே எடுத்து நூலாக இழுக்க வேண்டும். ஆறிய நூல் நேராக நின்றால் இரண்டும் ஒரே வகை. வில்லாக வளைந்தால் வேறு வகை; அதிகம் சுருங்கும் கண்ணாடி வளைவின் உட்பக்கம் இருக்கும். ஒரு நிமிட வேலைதான். கை பழகாத நாளில் உடைவதற்கெல்லாம் தன் கையையே குறை சொல்லிக்கொண்டிருப்பவர்களுக்கு இந்தச் சோதனை பெரிய ஆறுதல்.

மேசை டார்ச்சில் எரிவாயுவும் ஆக்சிஜனும் முகப்புக்கு வெளியே கலக்கும் வகை, தொடக்கக்காரர்களுக்குப் பாதுகாப்பானது. சுடர் உள்ளே திரும்பிப் பாயும் வாய்ப்பு குறைவு. ஆனாலும் இரண்டு ரெகுலேட்டரிலும் பின்னெரிப்புத் தடுப்பான் இருந்தே ஆக வேண்டும். வீட்டு அடுப்புக்கான எல்.பி.ஜி. ரெகுலேட்டர் 30 மில்லிபார் அளவில்தான் கொடுக்கும், அது போதாது. அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரும் வணிகப் பயன்பாட்டுக்கான 19 கிலோ சிலிண்டரும் வேண்டும். அழுத்த அளவுகளை டார்ச்சோடு வரும் குறிப்பேட்டைப் பார்த்து வைப்பதே முறை. பற்றவைக்கும்போது முதலில் எரிவாயு, பிறகு ஆக்சிஜன். அணைக்கும்போது முதலில் ஆக்சிஜன், பிறகு எரிவாயு. ஆக்சிஜன் ரெகுலேட்டரில் எண்ணெயோ கிரீஸோ ஒரு துளிகூடப் படக்கூடாது, தானாகத் தீப்பற்றும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். அதனால் மேலே ஜன்னல் இருந்தால் மட்டும் போதாது, தரையோடும் காற்று வெளியேற வழி வேண்டும். சூடான சுடர் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் உண்டாக்கும். டார்ச்சுக்கு மேலே புகைபோக்கி விசிறி கட்டாயம். ஆனால் சீலிங் ஃபேனை நிறுத்திவிட வேண்டும். சென்னை வெயிலில் இது கொடுமைதான், ஆனாலும் வேறு வழியில்லை. ஃபேன் காற்றில் சுடர் ஆடும், சூடான இணைப்பின் ஒரு பக்கம் மட்டும் குளிரும், கையிலேயே விரிசல் விடும்.

கண்ணுக்கு டிடிமியம் மூக்குக்கண்ணாடி. சூடான கண்ணாடியிலிருந்து எழும் சோடியத்தின் மஞ்சள் ஒளியை அது வடிகட்டுவதால்தான் இணைப்பின் விளிம்பு கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அகச்சிவப்புக் கதிரை டிடிமியம் போதிய அளவு தடுக்காது. பெரிய குழாய்களில் நெடுநேரம் வேலை செய்பவர்கள் வெல்டிங் செய்பவர்கள் அணிவதுபோன்ற கருமையும் சேர்ந்த கண்ணாடிக்கு மாற வேண்டும். உடை பருத்தியாக இருக்கட்டும்; செயற்கை இழை உருகித் தோலில் ஒட்டும். 300 டிகிரியில் இருக்கும் குழாய் குளிர்ந்த குழாயைப் போலவேதான் தோற்றமளிக்கும். ஆகவே சூடான முனையை எப்போதும் ஒரே திசையில், உடலுக்கு எதிர்ப்புறமாகத் தாங்கியில் வைக்கும் பழக்கம் முதல் நாளே வர வேண்டும். சுட்டுக்கொண்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள்.

வெட்டுவது எளிது, ஆனால் பலர் அரத்தை ரம்பம்போல் முன்னும் பின்னும் இழுத்துக் கெடுப்பார்கள். டங்ஸ்டன் கார்பைடு கத்தியால் ஒரே இழுப்பு, சுற்றளவில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். கீறலை ஈரப்படுத்தி, அதற்கு நேர் எதிரே இரண்டு கட்டைவிரல்களையும் வைத்து, வளைப்பதைவிடச் சற்றுக் கூடுதலாக இழுத்தால் நேராக உடையும். விட்டம் 20 மி.மீ.க்கு மேல் போனால் கையால் உடைக்க வேண்டாம்; கீறல் முனையில் உருகிய கண்ணாடிக் குச்சியின் நுனியைத் தொட்டால் விரிசல் தானே சுற்றி ஓடும்.

இனிச் சுழற்சி. இடது கையின் உள்ளங்கை கீழ்நோக்கி இருக்கும். கடைசி மூன்று விரல்கள் மடிந்து குழாயைத் தாங்க, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உருட்டும். வலது கையின் உள்ளங்கை மேல்நோக்கி, பேனா பிடிப்பதுபோல். குழாயின் மேற்பகுதி நம்மிடமிருந்து விலகிப் போகும் திசையில் இரண்டு கையும் ஒரே வேகத்தில் சுழல வேண்டும். நடுவில் இருக்கும் கண்ணாடி இளகிவிட்டால் இரண்டு கைகளுக்கும் இடையே எந்தத் தொடர்பும் கிடையாது; இடது கை கால் சுற்று முந்தினால் இணைப்பு கயிறாக முறுக்கிக்கொள்ளும். இதைச் சுடரில்லாமலே பழகலாம். 12 மி.மீ. விட்டமுள்ள இரண்டு குழாய்த் துண்டுகளை, நடுவில் இரண்டு விரற்கடை இடைவெளி விட்டு, ஒரு மெல்லிய துணிச் சுருளால் இணைத்து டேப் ஒட்டி உருட்டுங்கள். துணி முறுக்கினால் கைகள் ஒத்துப்போகவில்லை, சுருங்கினால் இரண்டையும் ஒன்றை நோக்கி ஒன்று தள்ளுகிறீர்கள், இழுபட்டால் விரிக்கிறீர்கள். எரிவாயு செலவில்லாத இந்தப் பயிற்சிக்கு ஈடாக எதையும் சொல்ல முடியாது. பொறுமையில்லாமல் இதைத் தாண்டிப் போனவர்களின் இணைப்பில் அது வெகுகாலம் தெரியும்.

சுடரில் செய்யும் முதல் பயிற்சி நுனி இழுப்பது. குழாயின் நடுவில், விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு அகலத்துக்குச் சூடேற்றுங்கள். சுடரின் உள்ளே தெரியும் நீலக் கூம்புகளுக்குள் கண்ணாடியை நுழைக்கக்கூடாது. அங்கே வாயு இன்னும் முழுதாக எரியவில்லை. கூம்பு முனைகளைத் தாண்டிய இடம்தான் மிகச் சூடானது. குழாய் இளகிச் சுவர் சற்றுத் தடிக்கும்வரை சுழற்றி, வெளியே எடுத்து, ஒரு நொடி பொறுத்து, முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் 25 செ.மீ. வரை இழுக்க வேண்டும். இறுகும்வரை சுழற்சி நிற்கக்கூடாது. நடுவில் சுடரால் துண்டித்தால் இரண்டு நுனிகள் கிடைக்கும். இந்த நுனிதான் பின்னால் சிறு துண்டுகளைப் பிடிக்கும் கைப்பிடி. நுனியைப் பிடித்து உருட்டினால் குழாயின் உடல் ஆடாமல் சுழல வேண்டும். ஆடினால், சூடு ஒரு பக்கம் கூடியிருக்கிறது, அல்லது இறுகுமுன் கை நின்றிருக்கிறது. தலைமுடிபோல் மெலிந்து ஒடிந்தால் சுடருக்குள் வைத்தே இழுத்திருக்கிறீர்கள். குட்டையாகத் தடித்து நின்றால் சூடு போதவில்லை.

அடுத்தது நேர் இணைப்பு. மொத்தத் தொழிலும் இதில் அடங்கியிருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. இதை நூறு முறை செய்யாதவர் டி இணைப்புக்கு, அதாவது ஒரு குழாயின் பக்கச் சுவரில் இன்னொன்றைச் சேர்க்கும் 'T' வடிவ வேலைக்கு, போகக்கூடாது. 12 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. சுவர், 20 செ.மீ. நீளத்தில் இரண்டு துண்டுகள். ஒன்றின் வெளிமுனையில் கார்க். மற்றதன் வெளிமுனையில், சுழலும் இணைப்பு வைத்த ரப்பர் ஊதுகுழாய். அதன் மறுமுனை உதட்டில். சேர வேண்டிய இரண்டு விளிம்புகளையும் சுடரின் இரு பக்கமும் காட்டி, சிவந்து மழுங்கியதும் தொட்டுச் சேர்த்து, உடனே இம்மியளவு பின்னிழுக்க வேண்டும். இப்போது கிடைத்திருப்பது வெறும் ஒட்டு. வெளியே ஒரு வரம்பும் உள்ளே ஒரு பள்ளமும் இருக்கும். சுடரைக் கூர்மையாக்கி, இணைப்பின்மேல் மட்டும் சூடேற்றிச் சுழற்றிக்கொண்டே இருந்தால் சுவர் உள்ளே சரிந்து தடிக்கும், வெளி வரம்பு மறையும். அப்போது சுடரிலிருந்து எடுத்து, ஒரு நொடி பொறுத்து, மெல்ல ஊதி, மூல விட்டத்தைவிட ஒரு மி.மீ. கூடுதலாக்கி, இழுத்துப் பழைய விட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். கோடு தெரிந்தால் இதையே மறுபடியும் செய்ய வேண்டும்.

அந்த ஒரு நொடி ஏன்? சுடருக்குள் இருக்கும்போது மெலிந்த இடம்தான் மிகச் சூடாகவும் இளக்கமாகவும் இருக்கும். அங்கேயே ஊதினால் மெலிந்தது மேலும் மெலியும். வெளியே வந்ததும் நிலைமை தலைகீழாகும்: மெலிந்த இடம் முதலில் குளிர்ந்து விறைக்கும், தடித்த இடம் சூட்டைத் தக்கவைத்து இளக்கமாகவே இருக்கும். இப்போது ஊதினால் தடித்த இடம்தான் விரியும். அதாவது, பொறுத்து ஊதும் ஒவ்வொரு மூச்சும் சுவரைத் தானே சமப்படுத்துகிறது. இந்த உண்மை கையில் இறங்கியவர்களுக்கும் இறங்காதவர்களுக்கும் உள்ள வேறுபாடு, வேலை செய்த பொருளைத் தொட்டாலே தெரிந்துவிடும். மூச்சைப் பற்றி இன்னொன்று: சிறிய குமிழைத் தொடங்க அழுத்தம் அதிகம் வேண்டும், விட்டம் பெருகப் பெருக அழுத்தம் குறைந்தாலே போதும். ஆரம்பத்தில் அசையாத கண்ணாடி திடீரென்று ஓடிப்போவது அதனால்தான். அசையத் தொடங்கியதும் மூச்சைத் தளர்த்துங்கள்.

இணைப்பு நன்றாக வந்திருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்லவே முடியாது. பளபளவென்று வரம்பில்லாமல் நேராக இருக்கும் இணைப்பின் உள்ளே ஆழமான பள்ளம் ஒளிந்திருக்கலாம். பின்னாளில் விரிசல் அங்கிருந்துதான் புறப்படும். பயிற்சி இணைப்புகளை உடைத்துப் பார்க்க வேண்டும். வைரச் சக்கரம் இருந்தால் தண்ணீர் விட்டு நீளவாக்கில் பிளக்கலாம். இல்லையென்றால் இணைப்பின் நடுவே கீறி உடைத்தாலே குறுக்குவெட்டு தெரியும். சுவரை நான்கு இடங்களில் வெர்னியரால் அளந்து எழுதுங்கள். சுற்றிலும் 2 மி.மீ. தடித்திருந்தால் சூடு போதுமானது, ஊதலும் இழுப்பும் குறைவு. அது எளிதில் திருந்தும். சுற்றிலும் 1 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் சுடருக்குள் ஊதியிருக்கிறீர்கள். ஒரு பக்கம் 2, எதிர்ப்பக்கம் 0.8 என்றால் சுழற்சி ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் தயங்குகிறது. விரல் மாற்றிப் பிடிக்கும் கணமாகத்தான் பெரும்பாலும் இருக்கும். உட்பள்ளம் இருந்தால் பயம்தான் காரணம்: கண்ணாடி சரிந்துவிடுமோ என்று சீக்கிரம் வெளியே எடுத்துவிட்டீர்கள். எந்தத் தவறுக்கு எந்தக் கை காரணம் என்பதைக் குறுக்குவெட்டு இவ்வளவு தெளிவாகச் சொல்லும்போது, முடித்த இணைப்புகளை அலமாரியில் அடுக்கி வைத்து ரசிப்பது வீண். அதனால்தான் ஒரே அமர்வில் ஒரே அளவுக் குழாயில் ஒரே இணைப்பைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வது. இன்று இணைப்பு, நாளை பூங்கொத்து, மறுநாள் அன்னப்பறவை என்று தாவினால் எது மாறியதால் எது கெட்டது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

வளைப்புக்கு ஒரு பத்தி போதும். 12 மி.மீ. குழாயை 90 டிகிரி வளைக்க 5 செ.மீ. நீளத்துக்கு அகலச் சுடரில் சீராகச் சூடேற்றி, வெளியே எடுத்து, இரண்டு முனைகளையும் மேல்நோக்கி உயர்த்த வேண்டும். நடுப்பகுதி தன் எடையால் ஒத்துழைக்கும். முடித்த உடனே ஒரு சிறு மூச்சு ஊதினால் வெளிவளைவின் தட்டை நிமிரும். உள்வளைவில் சுருக்கம் விழுந்தால் சூடேற்றிய நீளம் குறைவு.

டி இணைப்பில் பக்கச் சுவரில் துளை போட வேண்டும். ஊசிச் சுடரால் ஒரு புள்ளியை மட்டும் சூடேற்றி, ஊதிப் புடைக்கச் செய்து, புடைப்பின் உச்சியை மறுபடி சூடேற்றிப் பலமாக ஊதினால் காகிதம்போல் மெலிந்து உடையும். தட்டிவிட்டு விளிம்பை உருக்கினால் சற்றே எழும்பிய உதடு கிடைக்கும். துளை பக்கக் குழாயின் விட்டத்தைவிடச் சற்றுச் சிறிதாக இருக்கட்டும். பெரிதாகிவிட்டால் தோள்பகுதிக்குக் கண்ணாடி போதாமல் மெலியும், அதைப் பிறகு எதாலும் சரிசெய்ய முடியாது. பக்கக் குழாயைச் சாய்த்து ஒரு விளிம்பில் முதலில் தொடவிட்டு, கதவு மூடுவதுபோல் மூடிச் சேர்க்க வேண்டும். இங்கே முழுவதையும் சுழற்ற முடியாது என்பதால் இணைப்பை நான்கு கால்பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியே உருக்கி, தனியே ஊத வேண்டும். ஒரு பகுதியில் வேலை நடக்கும்போது மற்றவை ஆறிவிடக்கூடாது; இடையிடையே மொத்தத்தையும் மென்சுடரில் காட்டி வாருங்கள். டி இணைப்பு விரிசல் விடுவது பெரும்பாலும் இரண்டு குழாய்கள் சந்திக்கும் அந்தக் கவட்டில்தான், அதுவும் பல மணி நேரம் கழித்து.

அந்தத் தாமதத்துக்குக் காரணம் உள்ளே உறைந்துபோன இறுக்கம். சுடரிலேயே ஆக்சிஜனைப் படிப்படியாகக் குறைத்து மென்சுடரில் ஆறவிட்டால் இறுக்கத்தின் பெரும்பகுதி தளரும், முழுதும் போகாது. முழுதும் போக்க அடுப்பு வேண்டும்: 560 முதல் 565 டிகிரியில் அரை மணி நேரம், பிறகு நிமிடத்துக்கு 2 அல்லது 3 டிகிரி வீதம் 490 வரை இறக்கம், அதன்பின் அடுப்பை அணைத்துக் கதவைத் திறக்காமல் விட்டுவிடுவது. 3 மி.மீ. வரையிலான சுவருக்கு இது போதும். இறுக்கம் மிச்சமிருக்கிறதா என்று போலாரிஸ்கோப்பில், அதாவது முனைவாக்கிய ஒளியில் இறுக்கத்தைக் காட்டும் கருவியில், பார்க்கலாம். அது இல்லாவிட்டால் கணினியின் எல்.சி.டி. திரையை வெள்ளையாக்கி, எதிரே ஒரு போலராய்டு கூலிங் கிளாஸைத் திரை இருளும்வரை திருப்பிப் பிடியுங்கள். நடுவில் இணைப்பைக் காட்டினால் இறுக்கமுள்ள இடம் மட்டும் வெளிச்சமாகத் தெரியும். கண்ணாடி நன்றாக ஆறிய பிறகே பார்க்க வேண்டும். சூடாக இருக்கும்போது தெரியும் வெளிச்சத்தில் ஆறியதும் மறைந்துவிடுவதும் கலந்திருக்கும். அடுப்புக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை பார்த்தால் சுடரில் ஆறவிடும் உங்கள் கை எவ்வளவு தேறியிருக்கிறது என்பதும் தெரியும்.

12 மி.மீ. குழாயில் நான்கு இடத்துச் சுவரும் 1.3-க்கும் 1.7-க்கும் நடுவே தொடர்ந்து வரத் தொடங்கினால், 8 மி.மீ.க்கும் 25 மி.மீ.க்கும் போகலாம். 8 மி.மீ. குழாய் கண்மூடித் திறப்பதற்குள் சரிந்து அடைத்துக்கொள்ளும், அதில் மூச்சு சற்று முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். 25 மி.மீ. குழாயில் எடை கையை இழுக்கும், சுடர் படாத பக்கம் சுழன்று வருவதற்குள் ஆறிவிடும். சுடரை அகலமாக்கிச் சுழற்சியை வேகப்படுத்த வேண்டும். இந்த மூன்று அளவிலும் கை நின்ற பிறகுதான் வளைய இணைப்பு, அதாவது வெளிக்குழாயின் சுவரைத் துளைத்து உள்ளே இன்னொரு குழாய் நுழையும் கண்டன்சர் (ஆவியைக் குளிர்விக்கும் கருவி) வகை வேலை. அதில் உள்குழாய் தாமதமாகவும் வெளிக்குழாய் சீக்கிரமாகவும் ஆறுவதால் இறுக்கம் மிக அதிகம். அடுப்பை 560 டிகிரிக்கு ஏற்றி வைத்துவிட்டுத்தான் டார்ச்சைப் பற்றவைக்க வேண்டும். செய்து முடித்த பொருள் சுடரிலிருந்து நேரே அடுப்புக்குள் போக வேண்டும்.